பூனையைக் கொண்டுபோனவர்

மீன் வாசனை அடிக்குதா சார்? கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஜன்னலை முழுசா திறந்து விட்டுடுங்க, காத்து வரட்டும். நான் மீன் வாங்கிட்டு வரல. இது சட்டையில ஏறின வாசனை. காலையிலேர்ந்து டோல்கேட் மீன் கடைங்க பக்கமே சுத்திட்டிருந்தேன்.

பூனை தேடினேன் சார். சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவால்ல. நாலு மாசமா செவ்வாக்கிழமை, வெள்ளிக்கிழமை ரெண்டு நாளும் இதே வேலைதான். பொன்மலைப்பட்டியிலேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கேர்ந்து இன்னொரு பஸ் பிடிச்சு, காவேரி தாண்டி, கொள்ளிடம் தாண்டி, டோல்கேட். மத்தியானம் இதே மாதிரி திரும்புவேன். இந்த ரூட்ல பாதி கண்டக்டருக்கு என்னைத் தெரியும். பூனைத் தாத்தான்னு ஒருத்தன் கூப்பிடுறான். எழுபத்தி நாலு வயசாச்சு, தாத்தான்னா தாத்தாதான், அதுல கோவமில்ல. பூனைத் தாத்தான்னு சொல்றதுதான் சங்கடமா இருக்கு. எனக்கும் பூனைக்கும் என்ன சார் சம்பந்தம்? எனக்குப் பூனையே ஆகாது.

என் பேரு பொன்னுரங்கம். ரயில்வே ஒர்க்‌ஷாப்ல லேத்ல இருந்தேன். முப்பத்தெட்டு வருஷம். சங்கு ஊதினா உள்ள, சங்கு ஊதினா வெளிய. ஒரு கம்பெனி மெஷின் மாதிரி ஒழுங்கா இருந்தவன் நான். அப்படிப்பட்டவனை இப்படி பஸ்ஸு பஸ்ஸா ஏறி இறங்க வச்சிருச்சு ஒரு பூனை.

அது எங்க வீட்டுக்கு வந்தது அஞ்சு வருஷத்துக்கு முன்னால. நல்ல மழை. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில கெடந்துச்சு. சாம்பல் கலர், கழுத்துல வெள்ளைப் பட்டை, உள்ளங்கையளவுதான் இருக்கும். தையல்நாயகி எடுத்து உள்ள கொண்டாந்தா. தையல்நாயகி என் சம்சாரம். நான் வேண்டாம்னு சொன்னேன். அவ ஒண்ணும் பதில் சொல்லல. என்னை எதுத்துப் பேசுற பழக்கமே அவளுக்குக் கெடையாது சார், அந்த விஷயத்துல தங்கம். பதில் சொல்லாம ஒரு பழைய துண்டை எடுத்து அதைத் துடைச்சா, அடுப்புப் பக்கத்துல வச்சா. அவ்வளவுதான். அன்னைலேர்ந்து அது வீட்டு மனுஷன் மாதிரி ஆயிடுச்சு.

வளந்து நல்ல கடுவன் பூனையாச்சு. தாசில்தார்னு பேரு வச்சா. அது என்ன பேருன்னு லூர்து கேட்டுச்சு. லூர்துன்னா எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற பொண்ணு, இப்ப அதுதான் என் சம்சாரத்தைக் குளிப்பாட்டித் தலைவாரி எல்லாம் பாத்துக்குது. அதுக்கு இவ சொன்னா, ‘நடந்து வர்ற தோரணையைப் பாரு, நம்மளைப் பாக்குறதைப் பாரு, நாமெல்லாம் மனு குடுக்க வந்து வரிசையில நிக்கிற மாதிரியே இருக்கு’ன்னு. உள் ரூம்லேர்ந்து கேட்டுட்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஆனா காட்டிக்கல.

பூனையோட குணம் உங்களுக்குத் தெரியுமா சார்? வளத்திருக்கீங்களா? நாய்ன்னா கேட் திறக்கிற சத்தம் கேட்டதுமே வாலை ஆட்டிட்டு ஓடி வரும். இது அப்படியில்ல. நாம கூப்பிட்டா காது மட்டும் திரும்பும். காது திரும்பிச்சுன்னா கேட்டுச்சுன்னுதானே அர்த்தம்? கேட்டுட்டே சும்மா உக்காந்திருக்கும். அதுக்கா எப்ப வரணும்னு தோணுதோ அப்பத்தான் வரும். வீட்டுக்குள்ள வரும், தட்டைப் பாக்கும், சாப்பிடும், ஒரு மூலையா போய்ப் படுத்துக்கும். யாரு சமைச்சா, யாரு போட்டா, அவங்க சாப்பிட்டாங்களா, ஒண்ணும் கேக்காது. இதுல என்ன பாசம் இருக்கு? வேலையில இருந்தப்ப நான் ஷிப்ட் முடிஞ்சு வந்தா, சாப்பிடுவேன், பேப்பரை எடுத்துட்டு ரூமுக்குப் போயிடுவேன். எனக்கு வள வளன்னு பேச்சு ஆகாது. லேத் சத்தத்துலயே நாளெல்லாம் கெடந்தவனுக்கு வீட்லயாவது அமைதி வேணும்ல?

அவ அதுகிட்டப் பேசுவா. நாளெல்லாம் பேசுவா சார். எதிர் வீட்டுல என்ன சண்டை, தக்காளி என்ன விலை, பொண்ணு சுகந்தி ஓசூர்லேர்ந்து போன்ல என்ன சொன்னா, எல்லாம். அவளுக்கு வலது முட்டி வலின்னு எனக்கு எப்படித் தெரியும்னு நெனைக்கிறீங்க? என்கிட்ட சொல்லல. பூனைகிட்ட சொன்னா. ‘இன்னைக்கு மாடிப்படி ஏற முடியலடா தாசில்தாரு’ன்னு. ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருந்த எனக்குக் காதுல விழுந்துச்சு. கட்டின புருஷன்கிட்ட சொல்லாம பூனைகிட்டச் சொன்னா மனசு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. அப்பவும் நான் ஒண்ணும் கேட்டுக்கல. அவளா சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

கொள்ளிடம் பாலம் வந்துருச்சு. இங்க எப்பவும் கொஞ்சம் நின்னு நின்னுதான் போவான். உங்களுக்கு அவசரமில்லயே? சரி.

மூணு வருஷம் முன்னால ஆரம்பிச்சுது. முதல்ல குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்துச்சு. அப்புறம் உப்பே விழல. கேஸைத் திறந்து வச்சிட்டுப் பத்த வைக்க மறந்துட்டா. நான் சத்தம் போட்டேன். தெரியாதுல்ல சார் நோவுன்னு? அலட்சியம்னு நெனைச்சேன். அப்புறம் ஒருநாள் கடைக்குப் போனவ வீட்டுக்கு வழி தெரியாம நடுத்தெருவுல நின்னிருக்கா, லூர்து பாத்துக் கூட்டிட்டு வந்துச்சு. டாக்டர்கிட்டக் காட்டினோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும்னு சொன்னாரு. மருந்து தள்ளிப் போடும், நிறுத்தாதுன்னாரு.

அவரு சொன்ன மாதிரியேதான் ஆச்சு. பேரப் பிள்ளைங்க பேரு போச்சு. பொண்ணு வந்து கட்டிப் பிடிச்சு அழுதா, இவ ‘யாரு கண்ணு நீ, ஏன் அழற’ன்னு கேட்டா. சுகந்தி மூணு நாள் இருந்துட்டு அழுதுட்டே ஊருக்குப் போனா. எனக்குள்ள ஒரு தைரியம் இருந்துச்சு. என்னை மறக்க மாட்டான்னு. நாப்பத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம், எப்படி மறப்பா?

தை மாசம் சார். பொங்கலுக்கு மறுநாள். காபி எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. வாங்கிக்கிட்டு, சேலைத் தலைப்பைச் சரி பண்ணிட்டு, ரொம்ப மரியாதையா, ‘உக்காருங்க சார்’னா.

வெளையாடுறாளோன்னு பாத்தேன். அவ வெளையாடுறவ இல்ல.

‘நான்தான்’னேன். ‘சொல்லுங்க சார்’னா. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘நேரமாச்சு, கெளம்புறீங்களா? எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம். அவருக்கு மத்தவங்க வீட்டுல இருந்தாப் பிடிக்காது’ன்னா. நான் என்ன சார் பண்ணுவேன்? எழுந்திருச்சு வெளிய போனேன். கேட்டுக்கு வெளிய கால்மணி நேரம் நின்னேன். திரும்பி உள்ள வந்தேன். மறுபடி, ‘வாங்க சார்’.

தெனமும் இதே கதை. ஏழு மாசம். ஆனா அந்தப் பூனையைத் தெரியும். அதுல மட்டும் குழப்பமே இல்ல. கண்ணு முழிச்சதும் ‘தாசில்தாரு எங்க?’ அது வந்து மடியில ஏறி, முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தி மாவு பிசையுற மாதிரி அமுக்கும், அப்புறம் சுருண்டு படுத்துக்கும். அதைத் தடவிட்டே இருப்பா. லூர்து சாதம் பிசைஞ்சு கொண்டாந்தா, இவளுக்கு ஒரு வாய், அதுக்கு ஒரு வாய். அப்படி ஊட்டினாத்தான் தட்டு காலியாகும். எனக்கு அதைப் பாக்கவே பிடிக்காது. பூனை எச்சில் உடம்புக்கு ஆகுமா? முடி கொட்டுது, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா? சுகந்திகிட்ட போன்ல சொன்னேன். ‘அப்பா, அம்மாவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான், விடுங்க’ன்னா. அது ஒண்ணுதானாம். அப்ப நான் யாரு?

ஆடி மாசம் ஒரு மத்தியானம். மூணு மணி இருக்கும். நான் ரூம்ல படுத்திருந்தேன், அவ சமையக்கட்டு வாசப்படியில உக்காந்து அதுகிட்டப் பேசிட்டிருந்தா. நான் தண்ணி குடிக்க வந்தவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டேன்.

‘அவரு வந்துட்டா நீ கத்தாதடா’ன்னு சொல்றா. ‘பேச்சுச் சத்தம் கேட்டா அவருக்குத் தலைவலி வந்துரும். கெட்டவரு இல்ல. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. பேச மாட்டாரு, அவ்வளவுதான். நானும் கல்யாணமான புதுசுல எவ்வளவோ பேசிப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன். அவரு போனப்புறம் நாம பேசிக்கலாம், என்ன?’

என்னைப் பத்தித்தான் சார். நான் அங்கயே நிக்கிறேன். என் மூஞ்சி மறந்து போச்சு, இது மட்டும் மறக்கல பாருங்க. பேச்சுச் சத்தம் ஆகாதுன்னு நான் எப்ப சொன்னேன்? ஒரு தடவை சொல்லியிருப்பேன். ரெண்டு தடவை சொல்லியிருப்பேன். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவன் தூங்கணுமா வேண்டாமா? அதை நாப்பத்தாறு வருஷம் மனசுல வச்சிருந்து ஒரு பூனைகிட்டச் சொல்லணுமா?

அந்தப் பூனை என்ன பண்ணுச்சு தெரியுமா? அவ தோளுக்கு மேல என்னையே பாத்துச்சு. அவளுக்கு நான் நிக்கிறது தெரியாது. அதுக்குத் தெரியும். பாத்துட்டு, பேசாம தலையைத் திருப்பிக்கிச்சு.

அப்பத்தான் முடிவு பண்ணேன்.

மறுநாள் லூர்து அவளைக் குளிப்பாட்டிட்டிருந்துச்சு. நான் பின்வாசல்ல ஒரு அரிசிச் சாக்கை விரிச்சு வச்சு, உள்ள ரெண்டு கருவாட்டுத் துண்டு போட்டேன். எப்படிப் பிடிக்கறது, கடிச்சு வச்சா என்ன பண்றதுன்னு கையில துண்டைச் சுத்திட்டு நிக்கிறேன். அது நேரா வந்துச்சு. சாக்கை மோந்து பாத்துச்சு. கருவாட்டைத் தின்னக்கூட இல்ல சார், அதுவா உள்ள போய்ச் சுருண்டு உக்காந்துக்கிச்சு. பூனைக்குப் பையைக் கண்டா, பெட்டியைக் கண்டா அப்படி ஒரு ஆசை. நான் அதைப் பிடிக்கவே இல்ல. அதுவா போய் உக்காந்துச்சு. நான் வாயைக் கட்டினேன், அவ்வளவுதான்.

ஏன் டோல்கேட்? ஒர்க்‌ஷாப்ல கூட வேலை பாத்த ஒருத்தர் சொல்லியிருந்தாரு, பூனையைத் தண்ணி தாண்டி விட்டா வழி கண்டுபிடிச்சு வராதுன்னு. நான் ஒரு ஆறுக்கு ரெண்டு ஆறா தாண்டினேன். பஸ்ல ஒரே கத்தல். ஜனமெல்லாம் திரும்பிப் பாக்குது. ஒரு அம்மா, ‘என்னய்யா உள்ள?’ன்னுச்சு. ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்’னேன். மீன் கடைங்க இருக்கற இடமா பாத்துதான் விட்டேன். பட்டினி கெடந்து சாகட்டும்னு விடல. அந்த மனசாட்சி எனக்கு இருந்துச்சு. சாக்கைப் பிரிச்சேன். பாய்ஞ்சு ஓடும்னு பாத்தேன். ஓடல. வெளிய வந்து, ரோட்டோரமா உக்காந்து காலை நக்கிட்டிருந்துச்சு. நான் பஸ் ஏறினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்திருந்தா இறங்கித் தூக்கிட்டு வந்திருப்பேன். பாக்கல.

வீட்டுக்கு வந்தா, இவ பின்வாசல்ல நிக்கிறா. கையில தயிர்சாதக் கிண்ணம். ‘தாசில்தாரு... தாசில்தாரு...’ன்னு கூப்பிட்டுட்டே இருக்கா. சாயங்காலம் வரைக்கும் நின்னா. ரெண்டு நாள்ல மறந்துரும்னு நெனைச்சேன். புருஷனை மறந்தவளுக்குப் பூனை எம்மாத்திரம்? மறக்கல. சாப்பாடு எறங்கல. ஊட்டப் போனா வாயை மூடிக்கிறா. ‘அது இன்னும் சாப்பிடல’ங்கறா. லூர்து என்னைப் பாத்து, ‘ஐயா, பூனை எங்க போச்சு?’ன்னுச்சு. ‘கடுவன்னா அப்படித்தான், ஊர் மேயப் போயிருக்கும்’னேன். அது என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு உள்ள போச்சு.

அஞ்சாவது நாள் ஒரு யோசனை பண்ணேன். லூர்தோட அண்ணன் வீட்ல ஒரு சாம்பல் பூனை இருந்துச்சு. கழுத்துல வெள்ளையும் இருந்துச்சு. வாங்கிட்டு வந்து அவ மடியில விட்டேன். கண்ணு தெரியாதவங்க மாதிரி அதோட காதைத் தொட்டுப் பாத்தா, வாலைத் தொட்டுப் பாத்தா. ‘இது வேற’ன்னுட்டா. பெத்த பொண்ணைத் தெரியல சார். பூனை மாறினது தெரியுது.

அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. நல்லா பாத்தா. ஏழு மாசமா அவ என்னை அப்படிப் பாக்கவே இல்ல. சும்மா மரியாதைக்குப் பாப்பா, வந்தவங்களைப் பாக்குற மாதிரி. அன்னைக்கு அப்படியில்ல.

‘நீங்கதான சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனீங்க?’ன்னா.

பாத்ரூம் ஜன்னல் வழியா பாத்திருக்கா. தலையில தண்ணி ஊத்தும்போது பாத்திருக்கா.

லூர்து அங்கயே நிக்குது. இல்லேன்னு சொல்லலாம், இவ சொல்றதை யாரு நம்பப் போறா? ஆனா என்னால சொல்ல முடியல. ‘ஆமா’ன்னேன். ‘போய்க் கொண்டாங்க’ன்னா. ‘சார்’னு சொல்லல. கவனிச்சீங்களா? ‘கொண்டாங்க’ன்னா. வீட்டு ஆளுகிட்டச் சொல்ற மாதிரி.

அதான் ஆரம்பம். மறுநாள் காலையில காபியோட போறேன். என்ன சொல்லப் போறாளோன்னு இருக்கு. என்னைப் பாத்ததும், ‘பூனையைக் கொண்டுபோனவருதான? கெடைச்சுதா?’ன்னா. அதுக்கு மறுநாளும் அதேதான். அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒருநாள் தப்பினதில்ல. டாக்டருக்கே ஆச்சரியம். மனசுல ஆழமா காயம் பட்டது சில சமயம் தங்கிடும்னாரு. காயம்னு ஏன் சொல்றாரு? ஞாபகம்தானே.

அதனால தேடக் கெளம்பினேன். செவ்வா, வெள்ளி. கெளம்பும்போது கேட்டு வரைக்கும் வருவா. ‘பாத்துப் போங்க’ம்பா. கல்யாணமாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போன காலத்துல அவ கேட்டுக்கு வந்ததே இல்ல. வரவேண்டாம்னு நான்தான் சொல்லியிருந்தேன், தெருவுல பாக்குறாங்கன்னு. இப்ப வர்றா. திரும்பி வந்தா அங்கயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. ‘எங்கெங்க தேடுனீங்க? சொல்லுங்க’ம்பா.

நான் சொல்லுவேன். முதல் நாள் ரெண்டு வார்த்தையில முடிச்சேன். ‘அப்புறம்?’னா. அப்புறம் கொஞ்சம் சொன்னேன். ‘அப்புறம்?’னா. இப்பல்லாம் ஒருமணி நேரம் பேசுறேன் சார். பஸ்ல யாரு பக்கத்துல உக்காந்தா, பாலத்துல எவ்வளவு நேரம் நின்னுச்சு, கொள்ளிடத்துல தண்ணி எவ்வளவு போகுது, மீன் கடையில என்ன சண்டை, எந்தத் தெருவுல எந்த நெறத்துல பூனை பாத்தேன், எல்லாம். கண்ணைச் சிமிட்டாம கேப்பா. நடுவுல சிரிப்பா. ‘அந்தம்மா திட்டுச்சா உங்களை? நல்லா வேணும்’ம்பா. அவ சிரிச்சா கன்னத்துல இந்தப் பக்கம் குழி விழும். எனக்கே மறந்து போயிருந்துச்சு. சுகந்தி போன்ல கேக்குறா, ‘என்னப்பா, அம்மாகூட உக்காந்து பேசிட்டே இருக்கீங்களாமே, லூர்து சொல்லுச்சு’ன்னு. ஆமாம்மா, பேசுறேன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

லூர்துக்குத்தான் சந்தோஷம் இல்ல. அது எப்பவும் ஒரு மாதிரி. ‘ஐயா, அம்மா ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கஞ்சிதான் குடிக்கிறாங்க’ங்குது. போன மாசம் ஆஸ்பத்திரியில எடை போட்டாங்க, முப்பத்தெட்டு கிலோ. ஆடியில நாப்பத்தாறு. வயசானா உடம்பு இளைக்கத்தானே சார் செய்யும்? ‘அந்தப் பூனை இருந்தா ரெண்டு வாயாவது உள்ள போகும்யா’ன்னு தெனமும் சொல்லுது. தேடிட்டுத்தானே இருக்கேன்? வேகாத வெயில்ல, மழையில, இந்த வயசுல? அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?

இன்னைக்குப் பாத்தேன் சார்.

ஆமா, அதைத்தான். நான் விட்ட இடத்துக்கு நேர் எதிர்லயே இருந்துச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம். மீனுக்கு ஐஸ் உடைக்கிற கொட்டகை ஒண்ணு இருக்கு, அதுக்குப் பின்னால. நாலு மாசமா அந்தப் பக்கம் ஏன் போகலன்னு கேக்காதீங்க. லாரி போற ரோடு, தாண்டணும்ல? டோல்கேட்ல எல்லாச் சந்தும் பாத்துட்டேன், அது ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு மழை தூறுச்சேன்னு ஒதுங்கப் போனேன். நீல ட்ரம் ஒண்ணு கவுத்து வச்சிருந்தாங்க. அது மேல படுத்திருக்கு. ஒரு காது ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. மத்தபடி நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. அங்க செங்கமலம்னு ஒரு அம்மா மீன் அலசிட்டிருந்துச்சு. ‘இது எத்தனை நாளா இங்க இருக்கு?’ன்னேன். ‘ஆடியிலேர்ந்து கெடக்குங்க. எவனோ ஒரு பாவி சாக்குல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். நாலு நாளு பஸ் நிக்கிற இடத்துலயே உக்காந்து கெடந்துச்சு. ஒவ்வொரு பஸ்ஸா பாக்கும். நான்தான் தூக்கியாந்து தலையும் குடலும் போட்டுப் பழக்குனேன்’னுச்சு.

‘தாசில்தாரு’ன்னு கூப்பிட்டேன். மெதுவாத்தான். காது திரும்புச்சு. அப்புறம் கண்ணைத் திறந்துச்சு. எறங்கி வந்துச்சு சார். ஓடியெல்லாம் வரல, அதோட நடையில வந்துச்சு. வந்து என் கால்ல தலையை வச்சு அப்படி ஒரு தேய் தேய்ச்சுச்சு. ரெண்டு காலையும் சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் என் செருப்பு மேலயே உக்காந்துக்கிச்சு. கடிச்சிருக்கலாம். ஓடியிருக்கலாம். நான் அதுக்குச் செஞ்சதுக்கு அப்படித்தானே செஞ்சிருக்கணும்? அதுக்கு ஒரு கோவமும் இல்ல. தொண்டைக்குள்ள கர்ருன்னு சத்தம் வேற.

‘உங்களுதாய்யா? தூக்கிட்டுப் போங்க, உங்ககிட்ட எப்படி ஒட்டுது பாருங்க’ன்னுச்சு அந்த அம்மா.

நான் கெளம்பி வந்துட்டேன் சார்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? எதுல கொண்டு வர்றது? கையில ஒண்ணும் இல்ல. பஸ்ல கையில பிடிச்சிட்டு வர முடியுமா? பிறாண்டி வச்சிரும், குதிச்சு ஓடிடும்.

அட, வேண்டாம் சார். உங்க பை நல்ல பை. துணியெல்லாம் எடுத்து மடியில வச்சுக்கிட்டு பையை எனக்குக் குடுக்குறீங்களே! வேண்டாம். நகம் பட்டா கிழிஞ்சிரும். தெரியும், அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதிர்ப் பஸ் பிடிச்சா இருபது நிமிஷம். தெரியும் சார். நாலு மாசமா போற ரூட்டு, எனக்குத் தெரியாதா?

வைங்க சார். அதை உள்ள வைங்க.

பை இல்லாததால இல்ல. நான் அந்த அம்மாகிட்ட, இது எங்க வீட்டுப் பூனை இல்லம்மான்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. சொல்லிட்டு, காலை உருவிட்டு, ரோட்டைத் தாண்டி இந்த பஸ்ல ஏறிட்டேன்.

கொண்டுபோய் அவ மடியில விட்டா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க? நல்லா சாப்பிடுவா. அது எனக்குத் தெரியாம இல்ல. சாப்பிடுவா, அதைத் தடவுவா, அதுகிட்டப் பேசுவா. மறுநாள் காலையில நான் காபியோட போவேன். பூனைதான் வந்துருச்சே, அப்புறம் பூனையைக் கொண்டுபோனவன் எதுக்கு? ‘உக்காருங்க சார்’ம்பா. இப்ப நான் உங்களைக் கூப்பிடுறேனே, பேரு தெரியாம, ஊரு தெரியாம, அந்த மாதிரி. ‘எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம், கெளம்புங்க சார்’ம்பா. நான் மறுபடி கேட்டுக்கு வெளிய போய் நிக்கணும்.

உங்களுக்கு இது புரியாது. வயசு இருக்கு. போகப் போகப் புரியும். இல்ல, புரியவே வேண்டாம்.

செவ்வாக்கிழமை கொண்டுட்டு வரலாம்னு இருக்கேன். பெட்டி மாதிரி ஒண்ணு வாங்கி, காத்து போக ஓட்டை போட்டு, ஒழுங்கா கொண்டு வரணும். அந்த அம்மா எங்கயும் போகாது, பூனையும் எங்கயும் போகாது. செவ்வா. இல்லேன்னா வெள்ளி. அவளுக்கு அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது. கஞ்சி குடிக்கிறால்ல?

சத்திரம் வந்துருச்சு. எறங்கணும், பொன்மலைப் பஸ்ஸு நின்னுட்டிருக்கு பாருங்க. அதை விட்டா அரைமணி நேரம். கேட்டுல உக்காந்திருப்பா. மழை தூறினாலும் உள்ள போக மாட்டா, லூர்து கொடை பிடிச்சிட்டு நிக்கும். நான் தலையைக் காட்டினதும், ‘எங்கெங்க தேடுனீங்க, சொல்லுங்க’ம்பா.

கொஞ்சம் வழி விடுங்க சார். இன்னைக்கு அவகிட்டச் சொல்றதுக்கு நிறைய இருக்கு.